பூட்ஸ் கடை பர்னபாஸும் ஆறும்

பர்னபாஸ் தாமிரபரணிக் கரையிலுள்ள வண்ணார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றிலோ நாலிலோ. அப்போது அவருக்கு இருபது வயதிருக்கும். காலில் செருப்பு கிடையாது. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர் அவர். தோணியின் விளிம்பில் நின்று நின்று கால்விரல்கள் விசிறிபோல அகன்றிருந்தன.

சங்கு குளிக்கிற குடும்பம். அப்பா ஒருநாள் கடலில் முங்கியவர் மேலே வரவில்லை. அம்மா தெரசா மகனை மாதா கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தான் உயிரோடு இருக்கும்வரை அவன் கடலில் இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். வாங்கின கையோடு வண்ணார்பேட்டையிலிருந்த தன் தம்பி தொம்மைக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

தொம்மை அங்கே பூட்ஸ் கடை வைத்திருந்தார். கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு வரும். பாளையங்கோட்டை வக்கீல்களும் போலீஸ் அதிகாரிகளும் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்களும் வாங்குவார்கள். அவருக்கு ஒரே மகள், அமலோற்பவம். கடையைப் பார்த்துக்கொள்ள ஆண்பிள்ளை இல்லை. அக்காள் மகன் வந்து இறங்கியதும் அவனுடைய காலைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏலே, கடைக்காரன் வெறுங்காலோட நின்னா எவம்லே பூட்ஸ் வாங்குவான்? இத மாட்டு."

இருப்பதிலேயே பெரிய ஜோடியை எடுத்துப் போட்டார். அது பர்னபாஸுக்கு அகலம் போதவில்லை. அன்றைக்கு மாட்டியதுதான், விடிந்ததிலிருந்து கடை அடைக்கும்வரை அந்தக் கால்கள் தோலுக்குள்ளேயே கிடந்தன. முதல் மாதம் முழுக்கக் கொப்புளம். வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார்கள். இவர் கீழே மண்டியிட்டு, காகிதத்தில் காலை வைக்கச் சொல்லிச் சுற்றிக் கோடு போடுவார். கதவு ஒன்றே ஒன்று. ஜன்னல் கிடையாது. தோலும் பாலிஷும் சேர்ந்த வாடை. கடலில் எவ்வளவு ஆழம் போனாலும் திணறாத ஆளுக்கு அந்தக் கடைக்குள் மூச்சு முட்டியது.

மறுவருஷம் அமலோற்பவத்தைக் கட்டிவைத்தார்கள். கெட்டிக்காரி, சிரித்த முகம். அவள்மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கல்யாணத்தன்று மாமனார் எல்லோர் முன்னிலையிலும், "இனி இந்தக் கடை எங்கயும் போகாது, இவனும் எங்கயும் போக மாட்டான்" என்று சொல்லிச் சிரித்தபோது, மாப்பிள்ளை குனிந்து தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இதைப் பல வருஷம் கழித்து அமலோற்பவமே தெருப் பிள்ளைகளான எங்களிடம் சொன்னது.

கடைக்குப் பக்கத்திலேயே தாமிரபரணி. குளிக்கப் போனால் பர்னபாஸ் இடுப்பளவு தண்ணீரோடு நின்றுகொள்வார். அதற்கு மேல் இறங்கினால் திரும்பிக் கடைக்கு வர மனசு வராது என்று பயம்.

அப்படி இருந்தவரை ஒரு கார்த்திகை மாத வெள்ளம் இழுத்துவிட்டது. கொக்கிரகுளம் கலெக்டர் கச்சேரியில் அம்மையப்பன் என்று ஒரு குமாஸ்தா இருந்தார், சைவப் பிள்ளைமார். அவர் மகள் சொர்ணாம்பாள், சின்னப் பிள்ளை, படித்துறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். யார் வீட்டுக்கோ ஸ்லிப்பர் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்துகொண்டிருந்தார் பர்னபாஸ். கரையில் அத்தனை பேர் நின்று அலறுகிறார்கள், ஒருவரும் இறங்கவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. ஒரு பூட்ஸைத்தான் கழற்ற முடிந்தது. மற்றதோடு குதித்தார்.

நெடுநேரம் ஆளைக் காணோம். செருப்புக்கடைக்காரனும் போனான் என்று ஜனங்கள் தலையில் அடித்துக்கொண்டிருக்கையில், வெகுதூரம் கீழே, நாணல் புதரருகே தலை தெரிந்தது. தோளில் பிள்ளை. கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டியதும் இருமிக்கொண்டு அழுதாள். அந்தக் கணத்தில் பர்னபாஸ் சிரித்தாராம், பைத்தியக்காரன்போல வாய்விட்டு. பிள்ளை பிழைத்ததற்கு மட்டுமில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு உடம்பு முழுக்கத் தண்ணீர் பட்டிருந்தது.

மறுநாள் அம்மையப்பன் பட்டு வேட்டியும் பழத்தட்டுமாகக் கடைக்கு வந்தார். பர்னபாஸ் கும்பிட்டுவிட்டுத் தட்டைத் தொட மறுத்துவிட்டார்.

"இதுக்கெல்லாம் வாங்கப்படாது அண்ணாச்சி. ஆத்துல விழுந்தா எடுக்கிறதுதான."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. ஆற்றில் விழுந்தால் பூட்ஸ் கடைக்காரர் எடுப்பார் என்று ஆகிவிட்டது.

அதிலிருந்து அழைப்புகள். பாதி அளவெடுத்துக்கொண்டிருப்பார், வாசலில் யாராவது மூச்சு வாங்க வந்து நிற்பார்கள். "அண்ணாச்சி, ஆத்துல ஒரு ஆளு போயிட்டான். வாங்க." வக்கீலின் கால் காகிதத்தின் மேலேயே இருக்கும், இவர் ஓடுவார். குறுக்குத்துறையிலிருந்து வருவார்கள், சேரன்மகாதேவியிலிருந்து வருவார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலில் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து ஆள் வந்து, இவர் போய் இறங்கும்போது உள்ளே இருப்பவருக்கு உயிர் இருக்கவா போகிறது? உயிரோடு எடுத்தது மிகச் சிலரைத்தான். மற்றதெல்லாம் உடம்பு.

வெள்ளத்தண்ணீரில் கண்ணைத் திறந்தாலும் ஒன்றும் தெரியாது. மூடிக்கொண்டு கையால்தான் துழாவ வேண்டும். பாறை, வேர், சேறு, பிறகு திடீரென்று தலைமயிர். பெரும்பாலும் மயிர்தான் முதலில் கையில் படும். அதைப் பற்றிக்கொண்டு மேலே வருவார். கரையில் போட்டதும் சொந்தக்காரர்கள் கூட்டமாக மேலே விழுந்து அழுவார்கள். இவரை யாருக்கும் நினைவிருக்காது. ஈரத்துணியோடு தனியே நடந்து வருவார். அக்கிரகாரத்திலும் பிள்ளைமார் தெருவிலும் மறுவாரம் வாசலில் பாய் போட்டு மோர் கொடுப்பார்கள். வாசலோடு சரி.

முதலில் தொம்மைக்கு இது பிடிக்கவில்லை. பிறகு கடையில் கூட்டம் கூடுவதைக் கவனித்தார். "அந்தப் பிள்ளைய எடுத்தவர் கடையா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒருநாள் மருமகன் தயங்கித் தயங்கி, "மாமா, இனி என்னால முடியாது போல" என்றபோது பதறிவிட்டார்.

"என்னலே பேசுத? கடைக்கே இப்பம் ஒன் பேருதான். மாட்டேன்னு ஒரு தடவ சொல்லிட்டேன்னு வையி, ஒரு பய எட்டிப் பாக்க மாட்டான்."

பர்னபாஸுக்கும் அமலோற்பவத்துக்கும் ஒரு பெண்குழந்தை பிறந்து வளர்ந்தது. சனிக்கிழமைகளில் அமலோற்பவம் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, "மச்சான், கொஞ்சம் துவட்டி விடுங்க" என்று துண்டை நீட்டுவாள். பர்னபாஸ் வெளியே போய்விடுவார். சோம்பேறித்தனம் என்று நினைத்து அவள் சண்டை போட்டாள். ஒருநாள் வற்புறுத்திக் கையில் துண்டைத் திணித்தபோது, ஈர மயிரைத் தொட்டதும் துண்டை நழுவவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதன்பின் கேட்கவில்லை.

கொஞ்ச வருஷத்தில் தூத்துக்குடியில் அம்மா தெரசா காலமானாள். அடக்கத்துக்குப் போன இடத்தில் பழைய கூட்டாளி கஸ்பார் பிடித்துக்கொண்டான்.

"ஒங்க அம்மாவும் போயாச்சு. சத்தியமும் அதோட முடிஞ்சது. எங்க தோணியில ஆளு குறையுது, வந்துரும்வே."

வண்ணார்பேட்டைக்குத் திரும்பி இதைச் சொன்னதும் மாமனார் கத்தித் தீர்த்தார். அமலோற்பவமோ, "போயிட்டு வாங்க மச்சான். ஒத்து வந்தா எங்களயும் கூப்பிடுங்க. எனக்கென்ன, எங்கன இருந்தாலும் ஒண்ணுதான்" என்றாள். மறுநாள் காலை ரயிலில் பர்னபாஸ் தூத்துக்குடிக்குப் போனார். பூட்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

தோணி கரையை விட்டு விலகியதும் பத்து வயசு குறைந்தது போலிருந்ததாம். அடிக்கு இழுத்துப்போகும் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு இறங்கினார். தெளிந்த கடல், அடியில் மணல் வெள்ளையாகத் தெரியும். ஆனால் இவருடைய கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. கைகள் துழாவ ஆரம்பித்தன. ஏதோ ஒரு பாசி விரலில் சுற்றியது. அவ்வளவுதான். கல்லை உதறிவிட்டு மேலே வந்து, தோணியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

கஸ்பார் முதலில் சிரித்தான். "என்னவே, செருப்பு வித்து வித்து எல்லாம் மறந்து போச்சா?" மறுபடி இறங்கினார், மறுபடி அதே கதி. மூன்றாம் நாள் கஸ்பார் சிரிக்கவில்லை. "கொஞ்ச நாள் கரையில இரும். பைய சரியாகும்" என்றான். சரியாகவில்லை. ஒரு வாரம் கடற்கரையில் சும்மா நடந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறினார் பர்னபாஸ்.

கடை வாசல்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உலகம்மாள். அவள் புருஷன் பூதத்தான் வண்டிக்காரன். இவர் ஊரில் இல்லாதபோது, மாட்டைக் குளிப்பாட்ட இறங்கியவனை ஆறு கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை.

"ஒங்களக் குத்தம் சொல்ல வரல அண்ணாச்சி," என்றாள். "வந்துட்டீகள்லா, அது போதும். அவுகள எடுத்துத் தாங்க. முகத்தப் பாத்துட்டா எனக்கு மனசு ஆறிரும்."

ஒரு வாரத்துக்கு முன் போன உடம்பு. எங்கே கிடைக்கும்? அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இறங்கினார். மருதூர் அணைவரைக்கும் ஒவ்வொரு மடுவாகத் தேடினார். உலகம்மாள் கரையோரமாகவே கூட நடந்து வந்தாள். அணைக்கட்டில் அவர் கைவிரித்தபோது அவள் அழவில்லை. "நீங்க மட்டும் ஊர்ல இருந்திருந்தா" என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பாதிப் பேச்சு அவரைக் கட்டிப்போட்டது. பிறகு அவர் ஓர் இரவுகூட வெளியூரில் தங்கவில்லை. மகளுக்குக் கொழும்பில் சம்பந்தம் செய்தபோதுகூடப் பெண்ணை அழைத்துக்கொண்டு போனது அமலோற்பவமும் உறவுக்காரர்களும்தான். இவர் கடையில் இருந்தார். யாராவது கூப்பிட்டால்?

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அமலோற்பவம் சும்மா இருக்கவில்லை. ஒரு மத்தியானம் குறுக்குத்துறையிலிருந்து ஆள் வந்தது. கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அவுகளுக்குக் காய்ச்சல். எந்திரிக்கவே முடியல. வேற யாரையாச்சும் பாருங்க" என்றாள். உள்ளே, பெட்டிகளுக்கு நடுவில், பர்னபாஸ் ஒரு பூட்ஸைக் கையில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வந்த ஆள் தயங்கி நின்று, திரும்பி நடக்கும் சத்தம் கேட்டது. நிம்மதியாகத்தான் இருந்தது அவருக்கு. அந்த நிம்மதிதான் அவரை உட்காரவிடவில்லை. எழுந்து ஓடினார்.

"மச்சான், போகாதீங்க!" என்று அவள் பின்னாலேயே வந்தாள். கேட்கவில்லை.

அன்றைக்கு எடுத்த பையன் பிழைத்துக்கொண்டான். ஆழ்வார்குறிச்சியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த பிள்ளை. ஆற்றுக்குள் முங்கிக் கிடந்த கல்மண்டபத்துத் தூணிடுக்கில் காற்றுத் தங்கிய இடத்தில் சிக்கிக்கொண்டிருந்தவனை இழுத்து வந்தார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் அவனும் போயிருப்பான். அவனுடைய அம்மா அமலோற்பவத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அமலோற்பவத்துக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. இனி எந்த முகத்தோடு அவரைத் தடுப்பது?

தொம்மை காலமாகிக் கடை முழுக்கப் பர்னபாஸ் கைக்கு வந்தது. படித்துறைகளில் இரும்புச் சங்கிலி கட்டித் தரச்சொல்லி நகரசபைக்கு நடையாய் நடந்தார். ஒரு துறையில் மட்டும் கட்டினார்கள். மீதிக்குப் பதிலாக அவரையே ஒரு கமிட்டியில் மெம்பராகப் போட்டுவிட்டார்கள். வெள்ளக்காலத்தில் கரையோரச் சேரிகளிலிருந்து ஜனங்களை மேடேற்றுவது, கஞ்சி காய்ச்சுவது எல்லாம் சேர்ந்துகொண்டது. அவர் எதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியாத ஆளாகவே ஆகிப்போனார்.

கடைசியில் காதுதான் அவரை விடுவித்தது. அதையும் முழு விடுதலை என்று சொல்ல முடியாது. அழுக்குத் தண்ணீரில் முங்கி முங்கி இரண்டு காதிலும் சீழ் வைத்தது. வலியில் துடித்து, பிறகு காது கேட்பதே நின்றுபோய்விட்டது. இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. சரக்குக் கப்பல் வராமல் கடையும் படுத்திருந்தது. இனித் தண்ணீரில் தலை நனைத்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கையசைத்துக் காட்டினார். பர்னபாஸ் அதைப் புரிந்துகொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். துக்கமா ஆறுதலா என்று அமலோற்பவத்துக்கே தெரியவில்லை.

ஊர் அப்போதும் விடவில்லை. "நீங்க இறங்க வேண்டாம் அண்ணாச்சி. வந்து கரையில நின்னாப் போதும், எங்களுக்குத் தைரியம்" என்று சைகையில் கெஞ்சினார்கள். போய் நின்றார். இளவட்டங்கள் இறங்குவார்கள், தண்ணீர் எங்கே சுழிக்கிறது, எந்தப் பக்கம் இழுக்கும் என்று கையைக் காட்டுவார். அழுகுரல் கேட்காதது ஒன்றுதான் மிச்சம்.

எண்பதைத் தாண்டி வாழ்ந்தார் அவர். வயதான பிறகு பாளையங்கோட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து திரும்பும்போது சில நாள் மனைவியோடு வண்டியில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுன் பக்கம் போய்க் கடைகண்ணி பார்த்து வருவதுண்டு. பாலம் வந்ததும் முகத்தை வண்டிக்குள்ளே திருப்பிக்கொண்டு அமலோற்பவத்தைக் கேட்பார்.

"தண்ணி எவ்வளவு வருது?"

ஐப்பசி வெள்ளம் இரு கரையும் தொட்டுப் பாலத்துத் தூண்களை மோதிக்கொண்டு போகும். இரைச்சலில் வண்டிமாடு மிரளும். அவள் அவருக்குத் தெரியும்படி கையைத் தாழ்த்தி, கணுக்கால் அளவைக் காட்டுவாள்.

அவர் தலையாட்டிக்கொள்வார். வண்டி பாலத்தைக் கடந்து போகும்.