ஏழாவது கோட்டின் நிறம்

கச்சிராயபாளையம் ஜூலியா கணினிப் படிப்பு முடித்தும் சென்னைக்குப் போகவில்லை. அப்பா சின்னப்பனுக்குப் பக்கவாதம். டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் வேலை வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சியில் உரக்கடை மாடியில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தாள்.

கல்வராயன் மலையில் அவர்களுக்கு ஏழு மழைமானிகள். ஒவ்வொன்றையும் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு மழையளவைக் குறுஞ்செய்தியாக அனுப்புவார். ஒன்பது மணிக்கு சர்வரில் ஜூலியாவின் நிரல் ஓடும். அதிலுள்ள லைப்ரரி என்ற ஆயத்த நிரல்தொகுப்பு ஏழு கோடுகளாக வரைபடம் போடும். எந்தக் கோட்டுக்கு எந்த நிறம் என்று எழுதி வைத்தது அவள்தான்.

கார்த்திகைப் புயலில் ஏழாவது மானியை ஓடை அடித்துக்கொண்டு போனது. அதைப் பிடிக்க இறங்கிய, அந்த மானியைப் பார்த்துக்கொண்ட இருசப்பனையும். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. போன் கிடைக்கவில்லை. ஜூலியா பட்டியலிலிருந்து ஏழாவது நிறத்தை எடுத்துவிட்டாள்.

அடுத்த ஆடியில் ஒருநாள் வரைபடத்தில் மறுபடியும் ஏழு கோடுகள். ஏழாவது சாம்பல் நிறம்.

"நாம கலர் குடுக்கலன்னா லைப்ரரியே ஒண்ணு போட்டுக்கும்," என்றார் கூட வேலை பார்த்த தனசேகரன். "டேட்டா எங்கேர்ந்து வருதுன்னு பாரு."

இருசப்பனின் எண்ணிலிருந்து வந்திருந்தது. கூப்பிட்டாள். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது குரல்.

வந்த அளவை அழிக்கக் கை வரவில்லை. அந்தக் கோட்டுக்கு வெள்ளை கொடுத்தாள். வெள்ளைத் திரையில் யாருக்கும் தெரியாது. மறுநாள் மற்றக் கோடுகள் அங்கங்கே அறுந்து நின்றன. வெள்ளை கடந்துபோன இடமெல்லாம் வெட்டு.

சனிக்கிழமை மலைக்கு பஸ் ஏறினாள். இருசப்பனின் மனைவி சாலம்மாள் மரவள்ளிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். ஜூலியா எல்லாவற்றையும் சொன்னாள். சாலம்மாள் பதறவில்லை.

"எத்தினி மணிக்கு வருது?"

"எட்டு மணிக்குங்க."

"அளவு பாக்காம சோறு துன்ன மாட்டாரு. அதுக்கு இன்னா கலரு போட்டுக்கினு கீற?"

"வெள்ளைங்க."

"வெள்ளை வாணாம்மா. அரக்கு போடு."

திங்களன்று அரக்கு போட்டாள். பயம் போகவில்லை. ஆனாலும் தினமும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்த்தாள்.

மாசியில் மலை காய்ந்தது. ஆறு கோடுகள் சுழியத்தில் படுத்துக்கிடந்தன. அரக்குக் கோடு மட்டும் ஏறியது: நாற்பது, தொண்ணூறு, இருநூறு மில்லிமீட்டர். சாலம்மாளுக்குப் போன் செய்தாள்.

"மேல மழைங்களா?"

"வெயிலு கொளுத்துதும்மா. ஓடையில மட்டும் தண்ணி சத்தம் கேட்டுக்கினே கீது. போய்ப் பாத்தா மணலுதான்," என்றார்.

மறுநாள் கோடு வரைபடத்தின் மேல்விளிம்பைத் தொட்டது. ஜூலியா நிரலைத் திறந்து, கோடு இன்னும் ஏற இடமிருக்கும்படி வரைபடத்தின் உச்ச அளவில் இன்னொரு நூறைக் கூட்டி வைத்தாள்.