பச்சை விளக்கு எரிகிற அறை

என் மகள் இந்தக் கதையைப் பகிடியாகத்தான் சொல்லுவாள். இப்போது அவளுக்கே தலையில் நரை தட்டிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு ஆட்கள் வந்தால், ஊற்றிய தேத்தண்ணி ஆறுவதற்குள், "அம்மா எனக்கு அடிச்ச ஒரேயொரு அடி" என்று தொடங்கிவிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் அவள் சொல்லுவது பாதிக் கதை, பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த பாதி. மற்றப் பாதி என்னிடம் இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும், கதையில் பிழை இராது.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மேல்மாடியில் இரண்டு அறை. சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து சேர்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் வவுனியாவில் ஒரு கடையில் நின்றார், ஆமியிடம் பயணப் பாஸ் கிடைக்கிற மாதம் வந்து போவார். நான் விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்துப் பக்கத்து லொட்ஜுக்குக் கொடுப்பேன். மகள் பள்ளிக்கூடம் போவாள். எங்களோடு இருந்த என் தம்பி வெளிநாடு போவதற்குக் காத்திருந்தான். அதுதான் அவனுக்கு வேலை. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் பாதி இளந்தாரிகளுக்கு அதுதான் வேலை.

அப்படிக் காத்திருக்கிற பெடியங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்குப் பயணம் சரிவருகிறதோ, அவன் தன்னுடைய மெத்தையையும் மின்விசிறியையும் அடுத்துக் காத்திருக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவான். அப்படிக் கைமாறிக் கைமாறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததுதான் அந்தச் சாம்பல் நிற விளையாட்டுப் பெட்டி. மூன்று பேர் விளையாடித் தேய்த்தது. நேராக வைத்தால் சீடி ஓடாது, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் ரீவியில் படம் வரும். அதைக் கண்டபோதே எனக்குத் தெரிந்தது, இது உருப்படியான பொருளல்ல என்று.

அதில் நல்லதாக எத்தனையோ விளையாட்டு இருந்ததாம். கார் ஓட்டலாம், பந்து அடிக்கலாம். இவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றே ஒன்றுதான் பிடித்தது. நடுக்கடலில் ஒரு தீவு. அதில் மூடிக் கிடக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஒரு நேர்ஸ் அதற்குள் அகப்பட்டுக்கொண்டாள். செத்த நோயாளர்கள் கட்டிலை விட்டு எழும்பி, காலை இழுத்து இழுத்து அவளிடம் வருவார்கள். அவளிடம் ஒரு துப்பாக்கி, அதில் எந்த நேரமும் மூன்றோ நாலோ குண்டு. கைப்பைக்குள் எட்டுச் சாமானுக்கு மேல் கொள்ளாது. ஒவ்வொரு கதவுக்கும் ஓர் அட்டை. அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும், இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து உறுமும்.

தம்பி பொத்தானை அமத்தி நேர்ஸை ஆட்டுவான். மகள் பக்கத்தில் குந்தியிருந்து கணக்கு வைப்பாள். எத்தனை குண்டு மிச்சம், எந்த மாடியில் எந்த அட்டை, எந்தக் கட்டிலில் இருக்கிறவன் இன்னும் எழும்பவில்லை. கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் அந்த ஆஸ்பத்திரி முழுவதையும் கீறி வைத்திருந்தாள். அதே கொப்பியில் வகுத்தல் கணக்கு நாலும் பிழை.

"ஊரில பயந்தது காணாதெண்டே, இஞ்ச வந்து பெட்டிக்குள்ளயும் தேடிப் பயப்பிடுறியள்?" என்று கேட்டேன்.

"இது வேற பயம் அக்கா."

"பயத்தில என்னடா வேற? கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான் எண்டு பிரிக்கிறதுக்கு மாம்பழமே?"

தம்பி சிரித்தான். கண்ணை மட்டும் ரீவியிலிருந்து எடுக்கவில்லை. "இதில வாறவன் ஆரெண்டு பாத்தவுடன தெரியும் அக்கா" என்றான்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. பகலிலும் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு இருப்பார்கள். ஒழுங்கையில் பழைய போத்தல்காரன் கத்தினால் தம்பி திடுக்கிட்டு எழும்புவான். அதே ஆள், பெட்டிக்குள் பிணம் பாய்ந்தால் கொட்டாவி விடுவான். இருபத்தைந்து வயது, நல்ல உயரம், கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி வரச் சொன்னால் ஆயிரம் யோசிப்பான். அந்த நேர்ஸை மட்டும் இருட்டு மாடியெல்லாம் ஓட ஓட விரட்டுவான். பெண்பிள்ளையை இப்படி அலைக்கழிக்கிறானே என்று அதற்கும் ஏசினேன்.

ஒருநாள் பின்னேரம் உடுப்பு மடிக்கிற சாட்டில் நானும் கொஞ்சம் பார்த்தேன். நேர்ஸ் ஓடி வந்து ஓர் அறைக்குள் நுழைந்தாள். மருந்து கொடுக்கிற அறையாம். பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. மெல்லிசாக ஒரு பாட்டு, தொட்டில் ஆட்டுகிற மாதிரி. மூலையில் ஒரு பெட்டி. தேவையில்லாத சாமான்களை அதற்குள் வைத்துவிட்டுப் போகலாம், தொலையாது. அந்த அறைக்கு மட்டும் பேய் ஒன்றும் வராது என்றாள் மகள்.

"அப்ப அங்கயே இருக்கலாம்தானே. ஏன் வெளிக்கிடுறாள்?"

"வெளிய போகாட்டி விளையாட்டை முடிக்கேலாது அம்மா" என்று மகள் சலித்துக்கொண்டாள், என்னைப் பார்த்து. இந்த அறிவை வகுத்தலில் காட்டியிருக்கலாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு சட்டம் இருந்தது. நான் போட்ட சட்டம். ஐசி, அதுதான் அடையாள அட்டை, இல்லாமல் ஒருவரும் படியிறங்கக் கூடாது. கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பிளாஸ்ரிக் உறை தொங்கும். தம்பியின் ஐசியும், இந்த வீட்டில் இருக்கிறான் என்று பொலிஸில் பதிந்த கடதாசியும் அதற்குள் இருக்கும். உறையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். நான் குசினிக்குள் இருந்து "ஐசி?" என்பேன். பையில் படார் என்று தட்டி "ஓம்" என்பான். அந்தத் தட்டுச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அடுப்பில் கவனம் போகும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஏஜென்சிக்காரனிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குச் சந்தியில் உள்ள கொமினிகேஷனுக்கு, அதுதான் காசு கொடுத்துப் போன் கதைக்கிற கடைக்கு, கோல் வரும், தம்பி தானே வந்து கதைக்க வேண்டும், அநேகமாக ஒரு கிழமைக்குள் பயணம். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மகள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"மாமா போனா ஆர் விளையாடுறது?"

"நீதான். மூண்டாம் மாடி வரைக்கும் வந்திட்டமே, மிச்சத்தை நீ முடி" என்றான் தம்பி.

"எனக்குத் தனியப் பயம்."

"பிறகென்னத்துக்கு இவ்வளவு நாளும் பக்கத்தில இருந்து அந்தக் கதவைத் திற, இந்தக் கதவைத் திற எண்டு கத்தினனீ?"

"நீங்கள் இருந்தீங்கள்" என்றாள்.

சனிக்கிழமை லொட்ஜில் யாருக்கோ பிறந்தநாள் என்று இரண்டாம் தரமும் இடியப்பம் கேட்டிருந்தார்கள். கை முழுக்க மா. தம்பி தலையைச் சீப்பால் இழுத்து, நல்ல சட்டை போட்டு, ஆணியில் இருந்த உறையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டான். "ஐசி?" என்றேன். படார். "ஓம்." இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குகிற சத்தம் கேட்டது.

மகள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாள்.

"மாமா எங்க?"

"போட்டான்."

"எப்பிடிப் போனவர்?"

"எப்பிடிப் போறது? படியால இறங்கித்தான். என்ன கேள்வி இது?"

ஓடிப்போய் மாடத்தில் நின்று ஒழுங்கையை எட்டிப் பார்த்தாள். பிறகு வந்து படியின் மேல்தட்டில் உட்கார்ந்துகொண்டாள். தலை துவட்டவில்லை, சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை. மாமா போகப்போகிற கவலை என்று நினைத்தேன். வாயைத் திறந்து அப்போதே ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் மாக்கையோடேயே ஓடி அவனைச் சந்திக்கு முன்னால் பிடித்திருப்பேன். பிள்ளைகள் வேண்டாத நேரமெல்லாம் கதைப்பார்கள், வேண்டிய நேரம் ஊமை.

அரை மணித்தியாலம் போயிருக்கும். கீழ்வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்கார அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"பிள்ளை, உம்மட தம்பியைச் சந்தியில மறிச்சு ஜீப்பில ஏத்திக்கொண்டு போட்டாங்களாம். ஐசி இல்லையாம்."

"அதெப்பிடி இல்லாமல்? தட்டிக் காட்டினவன் அம்மா."

"தட்டினதை நீர் கேட்டிருப்பீர். அவங்கள் திறந்து பாத்திருக்கிறாங்கள். உறைக்குள்ள பொலிஸ் கடதாசி மட்டும்தானாம்."

ஐசி இல்லாமல் பிடிபட்ட இளந்தாரியை அன்றைக்கே விட்டதும் உண்டு, மாதக்கணக்கில் வைத்ததும் உண்டு. எங்கே கொண்டுபோனார்கள் என்றே தெரியாமல் தாய்மார் அலைந்ததும் உண்டு. பொழுது ஏற ஏற ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று சொல்லுவார்கள். நான் மெத்தையைப் புரட்டினேன். அவனுடைய பழைய சட்டைப் பையெல்லாம் வெளியே இழுத்தேன். அரிசி வாளிக்குள்ளும் கையை விட்டேன்.

மகள் கட்டிலுக்குக் கீழே நுழைந்து பிஸ்கட் ரின் ஒன்றை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரி கீறிய கொப்பியும் தேய்ந்த பென்சில்களும் போட்டு வைக்கிற ரின். மூடியைத் திறந்து நீட்டினாள். எல்லாவற்றுக்கும் மேலே தம்பியின் ஐசி, அவனுடைய படம் மேலே பார்த்தபடி.

"பெட்டிக்குள்ள வச்சா ஒண்டும் ஆகாது" என்றாள்.

அடித்தது அப்போதுதான். மாக்கையோடு. கன்னத்தில் ஐந்து விரலும் வெள்ளையாக விழுந்தது. இந்த இடத்தில்தான் இப்போது எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் கதையை இதோடு நிறுத்திவிடுவாள்.

ஐசியை எடுத்துக்கொண்டு பொலிஸுக்கு ஓடினேன். அங்கே தம்பி ஒரு மூலையில் நிலத்தில் குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். "மாத்தயா, மே மகே மல்லி" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி, இவன் என் தம்பி என்று ஐசியை மேசையில் வைத்தேன். அதிகாரி படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். இது ஏன் வீட்டில் இருந்தது என்று கேட்டார். பேய் ஆஸ்பத்திரிக் கதையை எந்தப் பாஷையில் சொல்ல? தோய்க்கப் போட்ட சட்டைக்குள் இருந்தது என்று பொய் சொன்னேன். எங்கள் வீட்டு மானத்தை நான் பொலிஸில் கொண்டுபோய் வைக்கமாட்டேன். என்னை ஒரு மர வாங்கிலே இருத்தினார்கள். மத்தியானம் போய், வெயில் சாய்ந்த பிறகு கூப்பிட்டு, கைநாட்டுக்கு மைப் பெட்டியைத் தள்ளினார்கள். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டு, பேனையை வாங்கி என் பெயரை முழுதாக எழுதினேன். நேரம் எடுத்தது. எடுக்கட்டும்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிற வழியில் கொமினிகேஷன்காரர், பத்து மணிக்குப் போன் மூன்று தரம் அடித்து ஓய்ந்தது என்றார். ஏஜென்சிக்காரன் அந்தப் பயண இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டானாம். தம்பி கேட்டுத் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். மகளுக்குக் கொடுக்க வேண்டிய ஏச்சை நான் காலி வீதி நீளத்துக்கும் அடுக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் கடலில் எறிவது என்றும் தீர்மானித்தேன்.

வீட்டுக்கு வந்து தம்பி நெடுநேரம் குளித்தான். பிறகு நேரே போய் ரீவிக்கு முன்னால் உட்கார்ந்து, பெட்டியைக் கவிழ்த்து வைத்துப் போட்டான். "வா" என்று மகளைக் கூப்பிட்டான். அவள் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றவள், ஓடிவந்து பக்கத்தில் குந்தினாள். நேர்ஸ் பச்சை விளக்கு அறைக்குள் நின்றாள். அந்தத் தொட்டில் பாட்டுக் கேட்டது. தம்பி கையில் இருந்த பொத்தான் கட்டையை நிலத்தில் வைத்துவிட்டான்.

"மாமா, வெளிய போங்கோ" என்றாள் மகள்.

"கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

நான் அடுக்கி வந்த ஏச்சையெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த நேர்ஸ் அசையாமல் நின்றாள். நின்றபடி மூச்சு விடுவது தெரிந்தது. தம்பியின் தோளும் அப்படித்தான் ஏறி இறங்கியது. இந்தச் சனியனில் இவர்களுக்கு என்ன பிடித்தது என்று இத்தனை மாதமாகக் கத்தின நான், அன்றைக்கு நிறுத்து என்று சொல்லவில்லை.

பிறகு மகள் குசினிக்கு வந்தாள். கன்னத்தில் மாவைத் துடைத்த அடையாளம் இன்னும் இருந்தது.

"ஐசி இல்லாமல் படியிறங்கக் கூடாதெண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்."

"அதுக்கு?"

"இல்லாட்டி மாமா போகேலாது எண்டு நினைச்சன். உறையைத் திறந்து பாப்பார், காணேல்லையெண்டு நிண்டிடுவார். நிண்டிருந்தா நாளைக்கு நானே எடுத்துக் குடுத்திருப்பன்."

அந்த ஆஸ்பத்திரியில் அட்டை இல்லாதவளுக்குக் கதவு திறக்காது, அவள் உள்ளேயே பத்திரமாக நிற்பாள். எங்கள் வீட்டுக் கதவில் கொண்டிகூடச் சரியில்லை. யாரும் எந்த நேரமும் இறங்கிப் போகலாம். எங்களுக்கு அட்டை தேவைப்பட்டது திரும்பி ஏறி வருவதற்கு. அது அவளுக்கு அன்றைக்கு விளங்கவில்லை, நான் விளங்கப்படுத்தவும் இல்லை. மிஞ்சிய இடியப்பத்தில் சொதியை ஊற்றி, "மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்து சாப்பிடு" என்றேன்.