சைராகுலுக்கு வந்த பல்வலி

கிர்கிஸ்தானின் கரகோல் நகரத்தில் யார் வீட்டில் நல்லது நடந்தாலும் அந்தச் செய்தி சைராகுலின் வாய் வழியாகத்தான் ஊருக்குள் வரும். பஜாருக்குப் பின்னால் இருக்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பு மேஜை அவளுடையது. "சுயுன்சு!" என்று, அதாவது நல்ல சேதிக்குப் பரிசு எடு என்று, கூவிக்கொண்டு அவள் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், வீட்டுக்காரர்கள் முதலில் பரிசைத் தேடுவார்கள், பிறகுதான் என்ன செய்தி என்று கேட்பார்கள். நல்ல செய்தியை முதலில் கொண்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அந்த நல்லது நிலைக்காதே. அப்படிச் சேர்ந்த தலைக்குட்டைகள் அவள் வீட்டுப் பெட்டியில் மூடி மூடாத அளவுக்குக் கிடந்தன. ஒருமுறை உயிரோடு ஒரு சேவல் கூடக் கிடைத்தது. ஆனால் ஒரு நியாயம் அவளிடம் உண்டு. கூடத்தில் ஒருத்தி பிள்ளை உண்டானது தெரிந்தால், அந்தப் பெண்ணின் காதில் முதலில் சொல்லி, அவள் தலையாட்டினால்தான் கால்கள் கிளம்பும்.

கூடத்தின் முதலாளி டாக்டர் எமில்பெக். முப்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, நல்ல மனசு. செயற்கை நுண்ணறிவு ஒன்றைக் கூடத்தில் வேலைக்குச் சேர்க்கப்போவதாக அவர் சொன்னபோது, ஆப்பிள் வெட்டிக்கொண்டிருந்த சைராகுலின் கத்தி நின்றது. பரிசோதனை முடிவைப் படித்து, ஆளுக்கு ஏற்றபடி செய்தி எழுதி, நேராகக் கைபேசிக்கு அனுப்பிவிடுமாம்.

"நல்ல சேதிய அதுவே சொல்லிடுமா? அப்ப சுயுன்சு யாருக்கு? செவத்துல இருக்குற பிளக்குக்கா?"

"எஜே, உங்களுக்குத் தலைக்குட்டை போயிடுமேன்னு கவலை" என்றார் எமில்பெக். அக்கா என்று அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"இல்லாமயா? எனக்கு இருக்குற வருமானமே அதுதான். ஆனா தம்பி, ஒண்ணு சொல்றேன். புது மருமக வந்த அன்னிக்கே பெட்டிச் சாவியத் தூக்கிக் குடுப்போமா? மொதல்ல டீ ஊத்தட்டும். கை எப்படின்னு பாக்கலாம்."

எமில்பெக் சிரித்தாலும் அதைக் காதில் போட்டுக்கொண்டார். இந்த எந்திரம் தப்பு செய்யும் என்று வைத்துக்கொண்டே ஆரம்பிப்போம் என்றார். திங்கட்கிழமைதான் ஊருக்குத் திறப்பு. அதற்கு முன் புதன்கிழமை ஒரு வெள்ளோட்டம். அன்றைய நிஜ முடிவுகளை அது படிக்கும், செய்தியும் எழுதும். ஆனால் ஊழியர்களின் எண்களைத் தவிர வேறெந்த எண்ணுக்கும் அது போகாதபடி பூட்டு போட்டிருந்தார். ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. பார்க்கப் பத்திரமான ஏற்பாடுதான்.

புதன்கிழமை காலையில் அது டீ ஊற்றுகிற வேலையை நன்றாகவே செய்தது. பரிசோதனைக்கு முன்னால் தேநீர் குடிக்கலாமா என்று நாள் முழுக்க நாற்பது பேர் கேட்பார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் முகம் சுளிக்காமல், கிர்கிஸிலும் ரஷ்ய மொழியிலும், கூடாது என்று சைராகுலின் திரையில் பதில் எழுதிக் காட்டியது. சைராகுலே "பரவால்ல, பொறுமைசாலி" என்று சான்றிதழ் கொடுத்தாள். அந்த நேரத்தில்தான் அவள் மேலங்கிப் பையில் கைபேசி அதிர்ந்தது.

"அன்புள்ள பெர்மெட், மகிழ்ச்சியான செய்தி! நீங்கள் தாயாகப் போகிறீர்கள். வாழ்த்துகள்!" கீழே ஒரு பூங்கொத்துப் படம்.

பெர்மெட் அவளுடைய மருமகள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். ஊரெல்லாம் பேசுகிற சைராகுலின் வாய், வீட்டுக்குள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை. மருமகள் ஒவ்வொரு மாதமும் கண் சிவந்து அடுக்களைக்கு வரும்போது, வெங்காயத்தை அவள் பக்கமாகத் தள்ளி வைப்பாள், அழுததற்கு ஒரு சாக்கு இருக்கட்டும் என்று. இப்போது அவளுக்கு மேஜை மேல் ஏறிக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தும் விட்டாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

பெர்மெட் எதற்காக மாமியார் உட்கார்ந்திருக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஏரிக்கரைச் சாலையில் இருக்கும் கூடத்தின் இன்னொரு கிளையில் போய் இரத்தம் கொடுத்திருக்கிறாள்? முதலில் தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதானே. பிறகு தலைநகர் பிஷ்கெக்குக்கு லாரி ஓட்டிப் போயிருக்கும் புருஷன் தாலாய் வெள்ளிக்கிழமை வந்ததும், அவன் காதில் சொல்ல வேண்டும் என்றுதானே. அவளுக்கே இன்னும் தெரியாத செய்தியை மாமியாரின் பைக்குள் கொண்டுவந்து போட்டிருக்கிறது எந்திரமான இந்தப் புது மருமகள்.

"யாருக்காவது மெசேஜ் வந்துச்சா?" என்று உள்ளேயிருந்து எமில்பெக் கேட்டார்.

எல்லோரும் இல்லை என்றார்கள். சைராகுலும் இல்லை என்று தலையை ஆட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து, தன் எண் எப்படி அங்கே போனது என்று யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பெர்மெட்டின் பெயரைக் கூடத்துக் கணினியில் பதிந்தவளே அவள்தான். சின்னப் பெண், கைபேசியில் எப்போதும் காசு இருக்காது என்று தன் எண்ணைப் போட்டுவைத்தாள். பெர்மெட்டுக்கு மட்டுமா? புதிதாகக் கல்யாணமாகி வந்த எத்தனையோ பெண்களுக்கு மாமியார் எண்ணைத்தான் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறாள். பொறுப்பான வேலை என்று அன்று நினைத்தாள். யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் அழைத்துப் பேசியது அவள். மாமியார் எடுத்தால் "மருமகளக் கூப்பிடுங்க" என்பாள், அவ்வளவுதான். எந்திரம் அப்படிக் கேட்குமா? திங்கட்கிழமை அது திறந்தால் ஊரில் பாதி மருமகள்களின் வயிற்றுச் செய்தி மாமியார்களின் பைக்குள் விழும். எல்லா மாமியாரும் வெங்காயம் தள்ளி வைப்பவர்களா?

எழுந்து டாக்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"தம்பி, பொய் சொல்லிட்டேன். எனக்கு வந்துச்சு."

"என்ன வந்துச்சு எஜே?"

"கேக்காத. யாருதுன்னும் கேக்காத. கம்ப்யூட்டர்ல தேடிப் பாக்கவும் கூடாது. சத்தியம் பண்ணு."

எமில்பெக் அவள் முகத்தைப் பார்த்தார். கன்னம் இரண்டும் சிவந்து, கண் நிறைந்து, சிரிப்பு உதட்டில் முட்டிக்கொண்டு நின்றது. கெட்ட செய்தி இல்லை என்பது வரை அவருக்குப் புரிந்தது. கணினித் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாக்கல. சொல்லுங்க."

எண்களின் கதையை அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு சிரித்துவிட்டார்.

"பூட்டு போட்டேன்னு பெருமையா இருந்தேன் எஜே. உள்ள இருக்குற சாமான், அதான் அந்த நம்பரெல்லாம், யாருதுன்னு நான் பாக்கவே இல்லையே!"

திங்கட்கிழமைத் திறப்பு தள்ளிப்போனது. முதல் வேலையாக ஒவ்வொரு பெண்ணையும் பிடித்து அவளுடைய சொந்த எண்ணை வாங்குவது என்று முடிவாயிற்று. எந்திரம் தேநீர் கேள்விக்குப் பதில் சொல்லும், வரிசை போடும், "உங்கள் முடிவு தயார்" என்ற ஒரு வரியை மட்டும் அனுப்பும். என்ன முடிவு என்பதை மனுஷர்தான், ஆளைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, வாயால் சொல்ல வேண்டும். நல்லதானாலும் கெட்டதானாலும்.

"சாவி இப்போதைக்குப் பெட்டிக்காரிகிட்டயே இருக்கட்டும்" என்றார் எமில்பெக். தலைக்குட்டைகள் தப்பித்தன. வேறொரு நாளாக இருந்தால் சைராகுல் இந்த வெற்றியைப் பஜார் முழுக்கக் கொண்டாடியிருப்பாள். அன்று குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்குப் போனாள்.

பெர்மெட் மாலையில் கிளைக்குப் போய்த் தெரிந்துகொண்டு வந்துவிட்டாள் என்பதை அவள் நடையே சொன்னது. சைராகுல் பார்க்காதவள் போல மாவு பிசைந்தாள். ஒரு வார்த்தை விட்டால் இன்னொன்று பின்னாலேயே வந்துவிடும் என்று பயந்து, யாரிடமும் எதுவுமே பேசவில்லை. பக்கத்து வீட்டு சோன்யாவின் மகனுக்கு வேலை கிடைத்த செய்தி கையில் இருந்தது. அதைக் கூட விழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை தாலாய் வந்தான். உள்ளறையில் கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு ஜன்னல் அதிர ஒரு கத்தல். கதவு திறந்தது, பெர்மெட் மாமியாரிடம் ஓடி வந்தாள்.

"அபா, சுயுன்சு! சுயுன்சு!"

மாவுக் கையோடு சைராகுல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டு நாளாகத் தெரிந்திருந்தும், அந்தக் குரலில் கேட்கும்போது அது புத்தம் புதிதாக இருந்தது. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணு, உன்ன ஏமாத்த மனசு வரல. எனக்கு முன்னாடியே தெரியும். அந்த மெஷின் தப்பா என் போனுக்கு அனுப்பிடுச்சு. உன் பேர்ல என் நம்பரப் போட்டதும் நான்தான். மன்னிச்சுக்கோ."

பெர்மெட் சிரிக்க ஆரம்பித்தாள்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் அபா."

"எப்படிடி?"

"புதன்கிழமையிலேருந்து நீங்க ஒரு சேதி கூட யாருக்கும் சொல்லல. சோன்யாக்கா வந்து, 'உன் மாமியாருக்குப் பல்வலியா?'ன்னு கேட்டாங்க. உங்க வாயையே மூட வைக்கிற சேதி வேற என்ன இருக்கு?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயை மூடிக் கெட்டாள். தாலாய் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சைராகுல் பெட்டியைத் திறந்து, தலைக்குட்டைகளுக்கு அடியில் கிடந்த தன் கல்யாண வெள்ளித் தோடுகளை எடுத்து மருமகளின் காதில் தானே மாட்டிவிட்டாள். சாவியையும் அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இப்பவாவது சொல்லிக்கலாமா? சோன்யாவுக்கு மட்டும்?"

"மூணு மாசம் முடியட்டும் அபா. கண்ணு பட்டுடும்."

"அது வரைக்கும் நான் என்னடி பண்றது?"

"பல்வலின்னு சொல்லுங்க."

சைராகுல் பெட்டியிலிருந்து ஒரு பூப்போட்ட தலைக்குட்டையை எடுத்துத் தாடையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மாவு வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். அவ்வளவு சந்தோஷமான பல்வலிக்காரியை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.