கறுத்த மெட்டி

மாமாவின் பழைய பொடி டப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. திறந்தால் இன்னமும் தும்மல் வருகிறது. உள்ளே என் அக்காவின் கால் மெட்டிகள் இரண்டு. ஒன்று வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும், மற்றது அடுப்புக்கரி. ஒரே தட்டான், ஒரே வெள்ளியில் அடித்த ஜோடி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கறுத்ததையும் துலக்கித் தருகிறோம் என்று வீட்டுப் பெண்கள் பலமுறை கேட்டுவிட்டார்கள். நான் கொடுப்பதில்லை. கிழவனுக்கு முரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். முரண்டுதான், இருக்கட்டும்.

அக்காவைப் புதுச்சேரிப் பக்கம் பாகூரில் கொடுத்திருந்தோம். மாமாவுக்கு நெல்லும் கரும்புமாகக் கொஞ்சம் நிலம். பிள்ளைகள் இல்லை. கல்யாணமாகிச் சில வருஷங்களில் அக்காவின் முழங்கால்கள் வீங்கி, பிறகு இறுகி, கடைசியில் மடங்காமலே போய்விட்டன. நீட்டிய காலோடு கட்டிலில் கிடப்பாள், இல்லாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். குனிந்து அடுப்பு மூட்ட முடியாது. மாமாதான் விடியலில் அடுப்பூதி, உலை வைத்து, வடித்துக் கொட்டிவிட்டு வயலுக்குப் போவார். "இன்னாபா, கொழம்பு கொதிச்சிதா?" என்று களத்துமேட்டில் ஆட்கள் கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொள்வார். அக்காவால் சிரிக்க முடியவில்லை. "என் கையால ஒரு வேள சோறாக்கி அவுருக்குப் போட்டுட்டேன்னா போதும்டா" என்பாள். அவள் ஆசை அவ்வளவுதான். பெரிய ஆசை இல்லை.

நான் அப்போது கடல்தாண்டிப் பிரெஞ்சுக்காரர்களின் தீவில், ஒரு சர்க்கரை ஆலையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தேன். தோட்டக் கூலிக்கு ஆள் கட்டி அனுப்பிய காலத்திலிருந்து எங்கள் பக்கத்தில் அதைத் தீவு என்றே சொல்வார்கள். அதன் நடுவில் புகை கக்கும் மலை ஒன்று உண்டு. அதன் இடுப்பில் கொதிநீர் ஊற்றும் சேற்றுக் குளியலும் இருந்தன. மூட்டுவாதம் பிடித்த வெள்ளைக்காரர்களை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போவார்கள். சிலர் நடந்தே இறங்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். விடுப்பில் ஊருக்கு வந்தபோது இதைச் சொன்னேன். மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, இட்டுனு போ என்றுவிட்டார். கரும்பு வெட்டுக்கு நின்றதால் அவரால் வர முடியாது. போதாக்குறைக்கு அந்த மழைக்காலம் முழுக்க அவருக்கு நெஞ்சுவலியும் இருமலும். அக்கா தயங்கியது அதற்குத்தான். "நான் இல்லாத நேரத்துல உனுக்கு எதுனா ஆயிட்டா?" என்று அழுதாள்.

"எனக்கு இன்னா ஆவப் போவுது? நீ நடந்து வந்து எறங்கு. வைக்கோல் பரப்பி வண்டியோட கப்பல் பாலத்தாண்ட நிக்கறேன்" என்றார் மாமா.

மலை ஏற முழுப் பகல் ஆனது. அக்காவை நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். ஊற்று கண்ணில் படுவதற்கு முன்பே அழுகிய முட்டை வாடை மூக்கில் ஏறியது. பாறை இடுக்குகளில் ஆவி சீறியது; கால் வைத்த இடமெல்லாம் சுட்டது. சாம்பல் நிறச் சேறு கூழ்ப்பானைபோல் குமிழிவிட்டுக் கொதித்தது. அதை அள்ளி, ஆற்றி, பலகைக் கொட்டகைக்குள் இருந்த கல் தொட்டிகளில் நிரப்புவார்கள். பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவள் ஒரு கிழவி. பெயர் மட்டும் நம் ஊர்ப் பெயர், தமிழில் ஒரு சொல் வராது. அவள் அக்காவின் காலைக் காட்டி, வெள்ளி எல்லாம் கழற்றிவிட வேண்டும், கந்தகச் சேறு வெள்ளிக்கு ஆகாது என்று அவர்கள் பாஷையில் சொன்னாள். நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"மெட்டியக் கழட்டுன்னு சொல்ல உனுக்கு எப்பிட்றா வாய் வந்துது? அவுரு குத்துக்கல்லு மாதிரி கீறாரு!"

புருஷன் செத்தால் கழற்றுவதை இருக்கும்போது கழற்றுவாளா? நானும் விட்டுவிட்டேன். கிழவி தோளைக் குலுக்கிக்கொண்டு அவளை அப்படியே தொட்டியில் இறக்கினாள்.

குளியல் பலித்தது. இதை நான் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் ஊரில் இன்றுவரை அதை ஏமாற்று வேலை என்கிறார்கள். இரண்டாவது வாரம் வீக்கம் வற்றியது, பிறகு மூட்டு அசைந்தது. கிழவிதான் தினமும் சேற்றைக் கழுவிப் புடவையை இறக்கிவிடுவாள். அக்காவின் கால் விரலை உற்றுப் பார்க்க எனக்கென்ன வேலை? அவளுக்கோ குனிந்து தன் காலைப் பார்க்க முடியாமல் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது; படுக்கையிலும் மலைக்குளிருக்குப் போர்வை காலை மூடியே கிடக்கும். ஒரு காலையில் கொட்டகைக்கு வெளியே பாறைமேல் அவள் மெல்ல மெல்லக் காலை மடக்கிச் சம்மணம் போட்டே உட்கார்ந்துவிட்டாள். நான் கைதட்டிச் சிரித்தேன், தூக்குகிறவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி தன் பாதத்தைத் தானே தடவப் போனாள். அப்போதுதான் பார்த்தாள். மெட்டி இரண்டும் கரியாகிக் கிடந்தன.

கந்தகம் என்றேன். கிழவி முதல் நாளே சொன்னாளே என்றேன். தேய்த்தால் போய்விடும், காலை நீட்டு அக்கா என்று கெஞ்சினேன். அவள் வெடுக்கென்று காலை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். மடங்காத கால் அன்றைக்கு நன்றாகவே மடங்கியது. "வந்த சேதிய அழிக்கப் பாக்கறியா? அவுரு பூட்டாருடா" என்றாள்.

மலையிறங்கிப் போய்த் தந்தி கொடுத்தேன். சில நாளில் பதிலும் வந்தது: மாமா சுகம், கரும்பு வெட்டு நடக்கிறது. அதைப் படித்துக் காட்டியபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கரும்பு வெட்டறத யாராச்சும் தந்தியில சொல்லுவாங்களா? அப்பா செத்தன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லித்தான என்ன இட்டாந்த? தெருமொனையில மோளம் கேட்டுத்தான எனக்குத் தெரிஞ்சிது?" தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவை மறைத்துச் சொல்வது ஊர் வழக்கம். எல்லாரும் செய்வதை நானும் செய்தவன். அந்த வழக்கத்தில் வளர்ந்தவளுக்கு நல்ல சேதி என்று ஒன்று எப்படி வந்து சேரும்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் சேற்றில் இறங்கவில்லை, சோறும் சரியாகத் தின்னவில்லை. ஊருக்குப் போக வேண்டும் என்ற ஒரே பேச்சுத்தான். மலையிலிருந்து இறங்கும்போது பிடித்த மழை துறைமுகம்வரை விடவில்லை. கப்பல் ஏறும்போதே காய்ச்சல், பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கப்பல் டாக்டர் வந்து பார்த்தும் இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் அக்கா எழுந்து உட்கார்ந்து, காலை மடக்கி, மெட்டிகளைத் தன் கையாலேயே கழற்றினாள். முந்தானையைக் கிழித்து முடிந்து என்னிடம் கொடுத்தாள். நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவுர எரிச்ச எடத்துல போட்டுடு" என்றாள். உயிரோடு இருக்கும் மனுஷனுக்காக அவள் தாலியறுத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் இல்லை. கரை இன்னும் தூரம் என்று துணியில் சுற்றிக் கடலில் இறக்கிவிட்டார்கள். ஒரு பிடி அரிசிகூடப் போட முடியவில்லை.

புதுச்சேரியில் கப்பலிலிருந்து படகுக்கு மாறி, கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தில் நான் மட்டும் ஏறினேன். புறப்படும்போது நான் கொடுத்த தந்தி கிடைத்து, மாமா சொன்ன இடத்தில் நின்றிருந்தார். சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டி, வண்டி நிறைய வைக்கோல் பரப்பி, இலையில் சுற்றிய கனகாம்பரத்தோடு. நெஞ்சுவலி விட்டுப்போய் முன்னைவிடத் தெளிவாக இருந்தார். "எங்கடா அவ? மெதுவா நடந்து வராளா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் முடிச்சை அவிழ்த்து மெட்டிகளைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். வாசல்படியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். பிறகு மாடத்திலிருந்து திருநீறு எடுத்து, அக்காவுக்காக வெள்ளிக்கிழமைகளில் விளக்கு துலக்குவாரே, அதே பழக்கத்தில் ஒரு மெட்டியைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரல் கறுத்தது. மெட்டி வெளுத்தது. அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோதானாடா?" என்றார்.

இன்னொன்றை அவர் தொடவில்லை. இரண்டையும் டப்பியில் போட்டு மூடினார். கறுத்ததைத் துலக்க இப்போதும் ஒரு சிட்டிகை திருநீறு போதும். அன்றைக்கு அக்கா காலை நீட்டியிருந்தால் அப்போதும் அதுவே போதும்.