பாட்டு நின்ற தெரு

இராஜபாளையத்தில் எங்கள் சித்தப்பாவின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய ரேடியோ செட்டைக் கேட்காத காது கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதனால் என்ன? கல்யாணமோ, சடங்கோ, கோயில் கொடையோ, ஆம்பிளிபயரையும் குழாயையும் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வருவார்.

பொறவு ஒரு நாள், மேல்மூடி இல்லாத பழைய பிளசர் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அதிலேயே செட்டைப் பூட்டப் போகிறாராம். மாப்பிள்ளை அழைப்புக்குப் பாட்டோடு போகிற கார். இசைத்தட்டு என்றால் கார் குழியில் இறங்கினதும் முள் துள்ளி அடுத்த அடிக்குப் போய்விடும். கேசட்டு அப்போதுதான் வந்திருந்தது, அது துள்ளாது. ஆனால் ஆம்பிளிபயருக்குக் கார் ஆகாது. மேசை மேல் வைத்தால் வருசக்கணக்கில் உழைக்கிற சாமான், காரில் ஏற்றினால் நாலு குலுக்கலில் ஈயப்பற்று விட்டு, வயர் நழுவி, ஊமையாகிப்போகும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அப்படி மாட்டி, முதல் கல்யாணத்திலேயே அது நடுரோட்டில் வாயை மூடிக்கொள்ள, மனிதர் தொழிலையே விட்டுவிட்டார்.

சித்தப்பா விடுகிற ஆள் இல்லை. பெட்டிக்கு அடியில் சைக்கிள் டியூப்பை மடித்து மடித்து மெத்தை போட்டார். ஒவ்வொரு பற்றையும் சுரண்டிவிட்டுப் புதுசாக ஈயம் வைத்தார். மலையடிவாரத்துக் கல்லு ரோட்டில் வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தார். எலும்பெல்லாம் நோகிற அளவுக்கு நானும் கூடப் போனேன். பாட்டில் ஒரு பிசிறு இல்லை.

"என் செட்டு நடுவழியில நிக்காது" என்று அவர் கடைத்தெருவில் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். அப்போது நான் மூணாம் வகுப்பு. அதுவே என் கடைசி வகுப்பும்.

முதல் சவாரியே பெரிய இடமாக வாய்த்தது. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற பட்டறைக்காரர் வீட்டு மாப்பிள்ளை, பெண்ணுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். மாப்பிள்ளையின் அப்பா சகுனத்தில் ரொம்பக் கண்டிப்பு. பல்லி சொன்னதற்காக ஒரு சம்பந்தத்தையே உதறியவர், அதிலும் குறை அந்தப் பெண்ணுடைய ராசியில்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு உதறியவர். அவர் சித்தப்பாவைக் கூப்பிட்டு, "இன்னிக்கு நல்லாப் பாடிட்டா எங்க சொந்தத்துல அம்புட்டுக் கல்யாணத்துக்கும் நீருதாம். நடுவுல நின்னுச்சோ, காரை நேரா பழைய இரும்புக் கடைக்கு ஓட்டிக்கிடும்" என்றார். காரிலேயே பாட்டு இருக்கையில் மேளம் எதுக்கு என்று மேளக்காரர்களை முன்னாலேயே மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் வாசலிலிருந்து கார் கிளம்பியது. பின்னால் மாப்பிள்ளை மாலையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, முன்னால் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நான், அந்த மாப்பிள்ளையை விட நிமிர்ந்து. பாட்டு என்றால் அப்படி ஒரு பாட்டு. மாடியில் நின்று பார்த்தார்கள், பால்கோவா கிண்டுகிறவர்கள் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்கள். ஒரு தெருவுக்குள் திரும்புகிற இடத்தில், தலையில் துண்டு போட்ட ஒருத்தர் முடுக்குச் சந்திலிருந்து வந்து, காரை ஒட்டி நடந்து, சித்தப்பா காதில் என்னவோ சொல்லிவிட்டு அதே முடுக்குக்குள் போய்விட்டார். வழி கேட்கிறார் என்று நினைத்தேன். சித்தப்பா கீழே குனிந்து நிமிர்ந்தார். பாட்டு பாதி வரியில் அறுந்தது.

மேளமும் இல்லை, பாட்டும் இல்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏம்ய்யா, நடுவழியில நிக்காதுன்னீரே, இப்ப இது எந்த வழி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"மாப்ளே, நீயே ரெண்டு பாட்டை எடுத்து விடுடா" என்று ஒரு குரல் பின்னால். கூட்டமே சிரித்தது.

சித்தப்பா இறங்கிப் பெட்டியைத் திறந்து எதையோ தடவிப் பார்த்துவிட்டு, "பியூஸு போயிட்டு அண்ணாச்சி, செத்த நேரம் பொறுங்க" என்றார். அந்தத் தெரு முழுக்கக் கார் ஊமையாக ஊர்ந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருவைத் தாண்டி வெகுதூரம் போன பொறவு அவர் மறுபடி குனிய, பாட்டு விட்ட இடத்திலிருந்து பாடியது. அதற்குள் பேர் போய்விட்டது. அன்றைக்குப் பந்தியில் அவரை உட்காரச் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள், "பிரிச்சுப் பாருங்க சித்தப்பா, எங்க கெட்டிருக்குன்னு பாருங்க" என்று நான்தான் நச்சரித்தேன். எனக்காகத் திறந்தார். எல்லாப் பற்றும் மினுமினுவென்று இருந்தது. எதையும் தொடாமல் மூடிவிட்டார். கெட்ட இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை போல என்று எனக்கு அவர் மேல் முதல்முறையாக இரக்கம் வந்தது. சித்தி, "ஊரெல்லாம் பீத்திக்கிட்டு வச்ச ஈயம் இதானா?" என்றதற்கும் அவர் சிரித்துக்கொண்டார். அந்த வைகாசி முழுக்க ஒரு கல்யாண வீடும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

ஒரு மத்தியானம் வேறொரு அம்மா வந்தார்கள். எண்ணெய் காணாத தலை, கையில் பஸ் டிக்கெட்டு. "ரேடியோ செட்டுக்காரர் வீடு இதானா தாயி?"

"ஆமா. அவிய பாட்டரிக்குச் சார்ஜ் ஏத்தப் போயிருக்காவ" என்றேன்.

அந்த அம்மா காரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வில்லிபுத்தூர்லருந்து வாரேன். எம்மவனத் தூக்குற நேரம் எங்க வீட்டுக்காரரு போய்ச் சொன்னதும் பாட்டை நிப்பாட்டினாராமே, அந்தப் புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

சாவு என்ற சொல் அன்றைக்கு மாப்பிள்ளையின் அப்பா காதில் விழுந்திருந்தால் கார் அப்படியே திரும்பியிருக்கும். பழி மண்டபத்தில் அலங்காரம் பண்ணி உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் விடிந்திருக்கும். இது எனக்கு விளங்குவதற்கு, என் வீட்டிலேயே ஒரு பெண் கல்யாணத்துக்கு நிற்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பியூஸ் மட்டுந்தான்.

"நிப்பாட்டல்லாம் இல்ல. அது கெட்டுப்போச்சு" என்றேன்.

அந்த அம்மா என் தலையை ஒருதரம் தடவினார்கள். காரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

செத்த நேரத்தில் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா வந்தார். "யாரும் தேடி வந்தாகளா?" என்று கேட்டார். செட்டு நின்ற கதையை மறுபடி எடுத்தால் பாவம், அவர் மனசு நோகுமே என்று நினைத்தேன்.

"ஒருத்தரும் வரலை சித்தப்பா" என்றேன்.