சேர் காலைக் கழற்றாமல் ஏறிய நாள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். மன்னித்து, திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது போன வருடத்துக்கு முந்தின மாரியில், மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைப் பக்கம். எங்கள் ஊர் அங்கேதான். வாவியை நாங்கள் ஆறு என்றும் சொல்வோம். நான் வாவியில் மீன் பிடிக்கிறவன், ஒரு பெரிய தோணி வைத்திருக்கிறேன். அந்த மாரியில் வெள்ளம் ரோட்டை மூடிவிட்டது. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்கும் ‘பாதை’ என்கிற மிதவையும் ஓடவில்லை. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் மூன்று பெண் பிள்ளைகள் அதை எழுத வேண்டும். பரீட்சை மண்டபம் அக்கரையில், எழுவான்கரையில் இருந்தது. அன்றைக்குக் கணக்குப் பாடம்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த சேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இளம் வயதில் துவக்குத் தூக்கியவர். சண்டையில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதைப் பற்றி அவர் பேசமாட்டார், நாங்களும் கேட்பதில்லை. ஊருக்குத் திரும்பி வந்து, சம்பளம் இல்லாத தொண்டர் ஆசிரியராகப் பல காலம் இருந்து, பிறகுதான் நியமனம் கிடைத்தது. பிந்திக் கலியாணம் முடித்தவர். ஒரே மகள், அந்த மூன்று பேரில் ஒருத்தி. பின்னேரம் மனைவியோடு சேர்ந்து கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் ஊற்றுவார். அந்த நேரம் மட்டும் யார் பிள்ளை வந்து நின்றாலும் பாடம் கிடையாது. மற்ற எந்த நேரமும் போகலாம்.

சேர் தோணியில் ஏறினால் முதல் வேலையாகத் தன் பொய்க்காலைக் கழற்றிப் பலகையோடு கட்டி வைப்பார். தோணி கவிழ்ந்தால் அந்தக் கால் மிதந்து மேலே வரும், தலை கீழே போகும் என்று ஒருமுறை சொன்னார். ஊரில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் தெரியும்.

“சேர், காலுக்கும் ரிக்கெட் எடுக்கவா?” என்று பகிடி பண்ணுவார்கள்.

“அதுக்கு அரை ரிக்கெட் போதும்” என்பார்.

அன்று காலையில் பிள்ளைகளை ஏற்ற வருவதாகச் சொன்ன பெரிய படகு வரவில்லை. விடியும்போதே நானும் சேரும் மட்டும் ஆற்றின் நடு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அப்போதும் வழமைபோலக் காலைக் கழற்றித்தான் வைத்திருந்தார். தண்ணீர் நிறைந்து அசையாமல் கிடந்தது.

“கடக்க ஏலுமா தம்பி?”

“ஏலும் சேர்.”

கரையில் ஒரு தாய் பிள்ளையின் கையை விடவில்லை. “ஒரு வருசம் போனாப் போகட்டும் சேர். என்ர புள்ள போனா வருமா?”

“என்ர மகளும்தான் ஏறுறா. நானும் ஏறுறன்.”

அந்தத் தாய் சேரின் காலையே பார்த்தார். சேர் ஏறினார், உட்கார்ந்தார், காலை நீட்டிக்கொண்டார். பொய்க்காலைக் கழற்றும் வாரில் கை வைக்கவில்லை. பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வெறும் கேனைக் கொடுத்து, “மடியில வெச்சி அதுக்கு மேல பையை வைங்க, நனையாது” என்றார். கேன் எதற்கு என்று எனக்கு விளங்கியது, கவிழ்ந்தால் கட்டிப்பிடித்து மிதக்க. அந்தத் தாய் கையை விட்டார்.

நடு ஆற்றில் கம்பை ஊன்றினேன், நீரோட்டம் இழுத்தது, கம்பு நிலத்தில் நிற்கவில்லை. தோணி தானாகப் பக்கவாட்டில் போகத் தொடங்கியது. வெள்ளத்தை இறக்குவதற்காக முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டி, வாவியைக் கடலுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். மாரியில் வெட்டுவதுதான். அன்றைக்குக் காலையில் வெட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

வலை கட்டுவதற்கு நட்டிருந்த கம்பு வரிசையில் தோணி போய் மோதிச் சரிந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. சேர் இரண்டு கையாலும் ஒரு கம்பைக் கட்டிப்பிடித்தார். யாரும் சொல்லாமலே அவருடைய மகள் குனிந்து, காற்சட்டையைச் சுருட்டி, வாரை அவிழ்த்தாள். வீட்டில் எத்தனை தரம் செய்திருப்பாளோ. கட்டி வைக்க நேரம் இல்லை. தோணி இன்னொரு தரம் சரிந்தபோது கால் சப்பாத்தோடு வழுக்கி ஆற்றில் விழுந்து மிதந்து போனது.

“ஐயோ சேர், கால் போகுது!” என்று ஒரு பிள்ளை கத்தினாள்.

“அது போகட்டும். நீ அட்மிசன் கார்டைப் பிடி புள்ள!”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கும் கைக்குப் பலம் வந்தது. அந்தக் கம்பு வரிசை அக்கரைப் பக்கம் போனது. நானும் சேரும் கம்புக்குக் கம்பு பிடித்து இழுத்து இழுத்துக் கரை சேர்ந்தோம்.

“தம்பி, நீங்க புள்ளைகளக் கூட்டிற்றுப் போங்க. கெதியா, நேரம் போகுது” என்றார் சேர்.

நான் கூச்சக்காரன். அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்றாலே வாய் வராது. பரீட்சை மண்டப வாசலில் ஒருவர் பிந்திவிட்டது என்று ஏசினார். எப்படிச் சொன்னேனோ தெரியாது. “ஆத்தால வந்ததுகள் ஐயா. இதுகள்ர சேர் கால் இல்லாமக் கரையில இரிக்கார்” என்றேன். அவர் நனைந்த சட்டைகளைப் பார்த்தார். தானே உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்து சேருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“ஏன் சேர் கழட்டல்ல?”

“அந்தப் புள்ளட தாய் என்ர காலத்தான் பாத்தா. கழட்டியிருந்தா ஒரு புள்ளயும் ஏறியிருக்காது.” சுருட்டிய காற்சட்டையை இறக்கிவிட்டார். “செஞ்சது சரியோ எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல தம்பி.”

பிள்ளைகளை வேறு வழியாக, பெரிய படகில்தான் ஊருக்குக் கொண்டுவந்தோம்.

சில நாள் கழித்து, காத்தான்குடிப் பக்கத்து மீனவர் ஒருவர் விசாரித்து விசாரித்து, மிதந்து போன அந்தக் காலை ஒரு சாரத்தில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். முன்பின் தெரியாதவர். “வலைய இழுத்தா சப்பாத்துப் போட்ட கால் வருது சேர். செத்த ஆள்ர மையத்தாக்கும் எண்டு கத்திப்போட்டன்!” என்றார். எல்லோரும் சிரித்தோம். சேரின் மனைவியும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஏறக்குள்ள கழட்டினவரா தம்பி?” என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“மறந்து போனன்” என்றார் சேர்.

“சோறு தின்ன மறப்பீங்க. அத மறக்கமாட்டீங்க.” மனைவி வாரைத் துடைத்து, குனிந்து, தன் கையாலேயே கட்டிவிட்டார்.

மூன்று பிள்ளைகளும் கணக்கில் சித்தியடைந்தார்கள். நேற்றுப் பள்ளிக்கூடத்தில் சேருக்குப் பிரியாவிடை. என்னையும் பேசச் சொன்னார்கள். எழும்பி நின்றேன், வாய் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போதும் தோணியில் ஆட்களை ஏற்றும்போது, கரையில் நிற்பவர்கள் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது நினைவில் இருக்கும். அதனால் மாரிக்காலத்தில் ஆற்றின் நடு வரை ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்து, முகத்துவாரம் வெட்டியாயிற்றா என்று நாலு பேரிடம் வாய் திறந்து கேட்ட பிறகுதான் ஒரு பிள்ளைக்குக் கை நீட்டுகிறேன்.

எழுதி முடித்தது: கார்த்திகை மாதம், முதல் வெள்ளிக்கிழமை.