வக்கீலைத் தூக்கிய சூடாமணி

மயிலாப்பூர் சூடாமணிக்கு உடம்பில் பலம் கிடையாது என்பது உறவினர் அனைவரும் ஒப்புக்கொண்ட விஷயம். முப்பது வருஷமாகக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றி மாடிப்படி ஏறியவள் அவள்தான். அது யாருக்கும் எதிர்ச்சாட்சியமாகப் படவில்லை, அவளுக்கும்தான்.

1946இல் அவள் கணவர் வக்கீல் வேதாந்தத்துக்குப் பக்கவாதம் வந்து இடதுகால் விழுந்துவிட்டது. ராயப்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி உட்காரவைக்க வீட்டில் ஆள் இருந்தால் அனுப்புவதாக டாக்டர் சொன்னார். இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் இங்கேதான். வேதாந்தமோ பேச்சையே குறைத்துக்கொண்டுவிட்டார். வக்கீலுக்கு அது நல்ல அறிகுறி அல்ல. வீட்டில் இருந்த ஆளோ சூடாமணி ஒருத்திதான்.

சாந்தோமிலிருந்து வேலைக்கு வரும் ஆஸ்பத்திரி ஆயா லூயிசா, அவரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, "எங்கே மாமி, தூக்கு பாக்கலாம்" என்றாள்.

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பேர் எதிரில் கணவரை நெருங்கி நின்று பழக்கமில்லாத சூடாமணி, எட்ட நின்று, முதுகை வளைத்து, இரண்டு கைகளையும் நீட்டி இழுத்தாள். இடுப்பில் சுளீரென்றது. வேதாந்தம் மறுபடி மெத்தையில் சாய்ந்தார்.

"இன்னா மாமி, சாமிக்குக் கற்பூரமா காட்றே? தூர நின்னா ஒரு ஆளு மூணு ஆளு கனம் கனக்கும். கட்டிப் புடி!"

"கட்டிண்டா? இங்கேயா?"

"பின்னே பீச்சுலயா?"

வார்டு சிரித்தது. "வேண்டாம், எல்லாரும் பாக்கறா" என்று முனகினார் வக்கீல்.

சூடாமணிக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது. "நீங்க சும்மா இருங்கோ. என் தோள்ல சாயுங்கோ."

லூயிசா சொல்லச் சொல்லச் செய்தாள். கால்களை அகட்டி ஊன்றினாள். முதுகை நிமிர்த்தி முழங்காலை மடக்கினாள். அவருடைய துவண்ட முழங்காலைத் தன் முழங்காலால் முட்டுக்கொடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"காலால எழுந்திரு மாமி, முதுகால இல்லே! ஒண்ணு, ரெண்டு..."

மூன்று என்பதற்குள் வேதாந்தம் நின்றுகொண்டிருந்தார்! சூடாமணிக்கே நம்பிக்கை வரவில்லை.

"இடுப்பைத் திருப்பாதே! பாதத்தை நவுத்து, பாதத்தை!"

சின்னச் சின்ன அடிவைத்துத் திரும்பி, முழங்காலை மடக்கி, அவரை நாற்காலியில் இறக்கினாள். வார்டில் யாரோ விசில் அடித்தார்கள்.

அப்போதுதான் டாக்டர் உள்ளே வந்தார். உட்கார்ந்திருந்த நோயாளியைச் சந்தேகத்தோடு பார்த்து, "யார் தூக்கினது?" என்றார்.

"டாக்டர் கண்ணால பாக்கலையே," என்றார் வேதாந்தம், பல நாளுக்குப் பிறகு கோர்ட்டுக் குரலில். "இன்னொரு தரம் காட்டிடு."

சூடாமணி காட்டினாள். கட்டிலுக்கு ஒரு தரம், மறுபடி நாற்காலிக்கு ஒரு தரம். கேட்டிருந்தால் வராந்தா வரைக்கும் காட்டியிருப்பாள்.

டாக்டர் தலையாட்டினார். "சரி, நாளைக்குக் கூட்டிண்டு போங்கோ."

"நாளைக்கு எதுக்கு?" என்றாள் சூடாமணி, மூச்சு வாங்க. "லூயிசா, வாசல்ல ஜட்கா வண்டி ஏதாவது நிக்கறதா பாரு!"